துருத்தல்: ஒன்றேகால் அடி

தன் பிழையைத் தன் வாயாலேயே சொல்லும் வாய்மை அரிது. பிறர் பிழை என்றால் நமக்கு ஊரளவு வாய். நம் பிழை என்றால் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். அந்த அரிய வாய்மை ஒரு வியாழக்கிழமைப் பிற்பகல் மூன்றரை மணிக்கு, தெருவோரச் சைக்கிள் கடை ஒன்றில், நகராட்சியில் அளவெடுக்கும் பெண்மணி ஒருவரின் கழுத்தைப் பிடித்தது. பிடித்த பிடியை மறுநாள் காலை எட்டு மணிவரை விடவில்லை.

அலுவலகத்தில் அவரை எல்லாரும் அளவம்மா என்பார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக அவர் தோள்பையில் ஒரு நீள நாடாவும், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக்குண்டும் குடியிருந்தன. கட்டடங்கள் தமக்கு வகுத்த கோட்டுக்குள் நிற்கின்றனவா என்று பார்ப்பது அவர் பணி. படி, கூரை விளிம்பு, மாடி முகப்பு, கடைப் பலகை, எது தெருவுக்குள் தலைநீட்டினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கோட்டைத் தாண்டி வெளியே நிற்பதென்றால் என்னவென்று அவரைவிட அறிந்தவர் அந்த நகராட்சியில் எவருமில்லை.

ஏனெனில் அவருடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு அடங்காதவை. ஏழாம் வகுப்பில் யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குத் 'துருத்தி' என்று பெயரிட்டான். "பல்லு முதல் பெஞ்சு, ஆளு மூணாவது பெஞ்சு" என்று பின்னாலிருந்து பாட்டு எழும். "வழி விடுங்கப்பா! முதல்ல பல்லு போகட்டும், அப்புறம் ஆளு போகட்டும்" என்று வகுப்பு வாசலில் அணிவகுப்பு நடக்கும். கணக்கு ஆசிரியரே ஒருநாள் வருகைப் பதிவின்போது "துருத்தி எங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்று அந்தச் சிறுமியின் இடக்கை வாய்க்கு மேலே ஏறியது. நாற்பது ஆண்டுகளாகியும் இறங்கவில்லை. பேருந்து ஓட்டும் கணவர்கூட, "நீ பேசுறதுல பாதியை உன் கையே கேட்டுக்குது, மிச்சம்தான் எனக்கு" என்று அலுத்துக்கொள்வதுண்டு.

பிறருக்கு அது வெறும் சொல். சட்டைப்பையிலிருந்து பேனா துருத்தும்; பட்டினி கிடந்தவனுக்கு விலா எலும்பு துருத்தும்; நல்ல பேச்சின் நடுவே ஒட்டாத வாக்கியம் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். தன் இடத்தில் அடங்காமல் முன்னே வந்து நிற்பது எதுவோ அதையெல்லாம் தமிழ் இந்த ஒரு சொல்லால் சுட்டிவிடும். அளவம்மாவின் முதுகில் மட்டும் அது கல்லாக விழும். ஆகவே தம் அறிக்கை எதிலும் அதை அவர் எழுதியதில்லை. 'மாடி முகப்பு முன்னே நீண்டுள்ளது' என்பார். 'படி எல்லை கடந்துள்ளது' என்பார். ஒருமுறை 'சுவர் தெருவை நோக்கி வளர்ந்துள்ளது' என்றுகூட எழுதினார். பழைய கோப்புகளைக் காக்கும் பதிவறைக்காரர் அதைப் படித்துவிட்டு, "இதுக்குத் தண்ணி ஊத்துறது யாரும்மா?" என்று கேட்டு ஒரு வாரம் சிரித்தார்.

இருபத்தாறு ஆண்டுகள் இப்படியே ஓடிவிட்டன. இவ்வாண்டு தொடக்கத்தில்தான் வினை ஒரு சுற்றறிக்கையாக வந்தது. இனி ஒரு குறைக்கு ஒரே சொல். அந்தச் சொல்லைக் கொண்டே கணினி தானாக அறிவிக்கையை அச்சிடும் என்றது அது. பொறியாளர் அறிக்கை முழுவதையும் படித்து முடிவு செய்த காலம் அத்துடன் முடிந்தது. நான்கு பக்கச் சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கத் தலைப்பில் கொட்டை எழுத்தில் 'துருத்தல்' என்றிருந்தது. சுடுபாத்திரத்தில் விரல் பட்டவர்போல் அளவம்மா அந்தப் பக்கத்தைப் புரட்டினார். நான்காம் பக்கத்தில் 'படித்தேன்' என்று கையெழுத்திட்டார். புரட்டிய பக்கம் சொன்னது இதுதான்: துருத்தல் என்றால், மிகுதியாக நிற்கும் பகுதியை முப்பது நாளுக்குள் வெட்டி எடுக்கவேண்டும். புடைப்பு என்றால், சுவர் உள்ளுக்குள் பிளந்து வயிறு தள்ளுகிறது. குடியிருப்போரை வெளியேற்றி ஏழாம் நாள் இடித்துவிடவேண்டும்.

போன வெள்ளிக்கிழமை, சுற்றறிக்கை வந்தபின் முதன்முறையாக, ஒரு மாடி முகப்பை அளந்தார். ஒன்றேகால் அடி தெருவுக்குள் வந்திருந்தது. அலுவலகம் திரும்பிக் கணினியில் 'முன்நீட்சி' என்று இட்டார். 'பட்டியலில் இல்லை' என்றது. 'எல்லை மீறல்' என்றார். இல்லை என்றது. பின்னால் இருவர் கணினிக்காகக் காத்து நின்றார்கள். 'புடைப்பு' என்று இட்டார், உடனே ஏற்றுக்கொண்டது. வெளியே வந்தது வந்ததுதானே, அளவுக் கட்டத்தில் ஒன்றேகால் அடி என்று இருக்கிறதே, படிப்பவருக்குப் புரியாதா என்று எண்ணி எழுந்துகொண்டார். படிப்பவர் என்று எவரும் இல்லை என்பது நினைவுக்கு வரவில்லை.

இந்த வியாழக்கிழமை அதே பகுதியில் வேறொரு வேலை. திரும்பும் வழியில் அவருடைய சைக்கிளின் பின்சக்கரம் காற்றிறங்கியது. தள்ளிக்கொண்டு போய் முதலில் கண்ட கடையில் நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் மேலே நோக்கினார். அளந்த முகப்பு. அளந்த வீடு. கீழே கடை, மேலே குடியிருப்பு. கடைக்குள் சக்கரங்களும் திருகிகளும் சாக்குகளில் கட்டிக் கிடந்தன.

"வேற கடை பாருங்க மேடம். இங்க எல்லாம் மூட்டை கட்டியாச்சு" என்றார் மூட்டையின்மேல் குனிந்திருந்த சைக்கிள்காரர், நிமிராமலே.

"ஏன், இடம் மாத்துறீங்களா?"

"இடமே மாறப்போகுது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்து பாருங்க, இங்க வானம்தான் இருக்கும்." பிறகு அவருக்கே இரக்கம் வந்தது. "சரி, கொடுங்க. இந்தக் கடையோட கடைசி பஞ்சர் உங்க பேர்ல இருக்கட்டும்."

மாடியிலிருந்து அவர் மனைவியின் குரல் இறங்கியது. "என்னங்க! தையல் மெஷின் படியில திரும்ப மாட்டேங்குது!"

"ஏத்தும்போது திரும்புச்சுல்ல? அதே மாதிரி இறக்கு!"

"ஏத்தும்போது உங்க தம்பிங்க நாலு பேரு இருந்தாங்க. இப்ப நான் ஒருத்திதான் இருக்கேன்!"

"ரெண்டு நிமிஷம் பொறு, வர்றேன்!"

கதவில் சிவப்பு அறிவிக்கை ஒட்டியிருந்தது. 'முகப்புச் சுவர் புடைப்பு. ஏழாம் நாள் இடிப்பு.' அளவம்மா இருமுறை படித்தார். போன வெள்ளிக்கிழமை தாம் இட்ட அதே சொல்.

"பதினெட்டு வருஷமா இந்தச் சுவத்துல சாய்ஞ்சுதான் டியூப் ஒட்டுறேன். புடைச்சிருந்தா முதல்ல என் முதுகுக்குல்ல தெரியணும்? மனு கொடுத்தேன். உங்க பாதுகாப்புக்குத்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டை இடிச்சுப் பாதுகாக்குறாங்களாம்."

"அளக்க வந்தவங்ககிட்ட கேக்கலையா?" கேட்ட பிறகே, கேட்டது தாம்தான் என்று அளவம்மாவுக்கு உறைத்தது.

"ஒரு அம்மா வந்தாங்க. ஏதோ சொன்னாங்க. வாயைக் கையால பொத்திக்கிட்டே பேசினாங்க, ஒண்ணும் காதுல விழல. நாங்களும் பெரிய மனுஷங்க மாதிரி தலையை ஆட்டிட்டோம்."

டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி தேடிக்கொண்டிருந்த அவர் நிமிரவில்லை. அளவம்மாவின் இடக்கை அப்போதும் வாயின்மேல் இருந்தது. பிடுங்கி இறக்கினார். அதை வைக்க இடம் தெரியவில்லை. பைக்குள் செருகினார், எடுத்தார், மீண்டும் செருகினார். நான்தான் அது என்று சொல்ல நாக்கு எழுந்தது, பற்களுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. சக்கரம் பூட்டியதும் ஏறி மிதித்தார். நன்றிகூடச் சொல்லவில்லை.

மணி நான்கைத் தாண்டிவிட்டது. ஐந்தரைக்கு அலுவலகம் பூட்டிவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகள் வழிமறித்தன. அவர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். ஓரமாக நடந்த ஒருவர், "அம்மா, வானத்துலதான் இனி வழி இருக்கு" என்று கைகாட்டினார்.

கணினியில் திருத்தப் பக்கம் திறந்தது. சரியான சொல் என்ன என்று கேட்டு வெற்றுக் கட்டம் ஒன்று விட்டு விட்டு மின்னியது. வேறு வழியே இல்லையா? 'நீட்சி', 'முனைப்பு', 'உந்தல்', 'பிதுக்கம்.' எதுவும் பட்டியலில் இல்லை. எழுந்தார், உட்கார்ந்தார். அலமாரி மேலிருந்த பருத்த பழைய அகராதியை இறக்கினார். பெயரை மறைக்க ஒரு மறுபெயராவது கிடைக்காதா என்று தகர வரிசையில் விரலை ஓட்டினார். துருத்து: முன்தள்ளு, வெளியே நீட்டு. அடுத்த வரியில் துருத்தி. உலைக்குக் காற்றூதும் தோற்கருவி. அதற்கும் கீழே இன்னொரு பொருள்: ஆற்றிடைக்குறை.

ஆற்றின் நடுவே, வெள்ளம் இருபுறமும் பிரிந்தோட, மூழ்காமல் தலைதூக்கி நிற்கும் நிலம். பழம்புலவர்கள் அதில் சோலை வைத்துப் பாடினார்கள். அடியார்கள் அதில் கோயில் கண்டு கைகூப்பினார்கள். நாற்பதாண்டுகள் தம்மைச் சுட்ட சொல்லுக்குள் இப்படியொரு குளிர்ந்த இடம் கிடந்ததா என்று அளவம்மா ஒரு கணம் திகைத்தார். ஒரு கணந்தான். சுவரில் மணி நான்கு ஐம்பது.

து, ரு, த், த, ல். ஐந்தெழுத்தை ஓதி அச்சம் நீங்கியவர் பலர். ஐந்தெழுத்தைக் கண்டு அஞ்சியவர் இவர் ஒருவரே. தட்டினார். கட்டம் ஏற்றுக்கொண்டது. உடனே அடுத்த கட்டம் திறந்து, பிழைக்குக் காரணம் என்ன என்று கேட்டது. 'கவனக்குறைவு' என்று இட்டு, அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு பொறியாளர் அறைக்கு ஓடினார்.

பொறியாளர் பையை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். தாளைப் படித்தார். அவர் புருவம் சுருங்கியது.

"போன வாரம் சுவர் புடைச்சிருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க. இடிக்கிறதுக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து, புடைக்கல, துருத்தல்தான்னு சொல்றீங்க. நாளைக்கு அது விழுந்து யாராவது செத்தா?"

"விழாது சார். சுவர் நல்லா இருக்கு. சொல்லுதான் தப்பு."

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கீங்க. படிக்கிறவன் என்ன நினைப்பான்? அந்த வீட்டுக்காரங்க உங்களை நல்லாவே கவனிச்சுட்டாங்கன்னு நினைப்பான். இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரங்க சொல்லுல தப்பு பண்ணுவாங்களா? நான் கையெழுத்துப் போட்டா என்னையும் கவனிச்சதா பேசுவாங்க." தாளைத் திருப்பி நீட்டினார். "உண்மையான காரணம் இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா நாளைக்கு இடிப்பு நடக்கும்."

அளவம்மாவின் கை வாய்க்கு ஏறியது. வாயைப் பொத்தியபடி அவர் ஏதோ சொன்னார்.

"என்ன? காதுல விழல."

அதே சொற்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் சைக்கிள்காரர் சொன்ன அதே சொற்கள். அளவம்மா கையை இறக்கி மேசை விளிம்பைப் பற்றினார்.

"பள்ளிக்கூடத்துல என்னைத் துருத்தின்னு கூப்பிடுவாங்க சார். இந்தப் பல்லுக்காக. அந்தச் சொல்லை நான் எழுதுறதே இல்ல. சுற்றறிக்கையில அது இருந்த பக்கத்தை நான் படிக்கல. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு அதை எழுதப் பிடிக்காமத்தான் புடைப்புன்னு போட்டேன்."

பொறியாளர் சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. "இதை நான் எப்படி நம்புறது?"

"என் பழைய அறிக்கை எல்லாத்தையும் எடுத்துப் பாருங்க. ஒரு இடத்துலயாவது அந்தச் சொல்லு இருந்தா, நான் பொய் சொல்றேன்னு வெச்சுக்குங்க."

பதிவறைக்காரர் பூட்டப்போன பதிவறையைத் திறந்து, கைக்கெட்டிய பதினான்கு கோப்புகளை அள்ளிக்கொண்டு வந்தார். தூசியைத் தட்டித் தட்டிப் படித்தார். "முன்னே நீண்டது. எல்லை கடந்தது. வெளிவந்தது. இது பாருங்க சார், 'கூரை தெருவை எட்டிப் பார்க்கிறது'. ஆங், இதோ நம்ம வளர்ந்த சுவர்! இதை எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சுடுவேன்." பதினான்கையும் முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்தவரின் குரலில் விளையாட்டு வற்றியிருந்தது. "எதுலயும் இல்ல சார். இத்தனை வருஷம் நான் இதைப் பார்த்து சிரிச்சுக்கிட்டு மட்டும் இருந்திருக்கேன்."

எழுதாமல் விட்ட சொல்லே சான்றாக வந்து நின்றது. பொறியாளர் பேனாவை நீட்டினார். "சொன்னதை அப்படியே எழுதுங்க."

அளவம்மா எழுதினார்: 'துருத்தல் என்னும் சொல் என் பள்ளிப்பருவப் பட்டப்பெயரைச் சார்ந்தது. அதனால் அதைத் தவிர்த்துத் தவறான சொல்லை இட்டேன். சுவரில் குறையில்லை. குறை என்னுடையது.'

ஐந்து இருபத்தைந்துக்குக் கையெழுத்து விழுந்தது. ஆனால் இடிப்பு மேஸ்திரியின் தொலைபேசி அணைந்து கிடந்தது. "காலையில நீங்களே நேர்ல போயிடுங்க" என்றார் பொறியாளர். "தாளை மட்டும் நீட்டினா அந்த ஆள் கேக்கமாட்டார். தூக்குக்குண்டு போட்டுக் காட்டுங்க. கடப்பாரை இறங்குறதுக்கு முன்னாடி."

வீட்டில் அளவம்மா உட்காரவில்லை. கணவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "என் முதல் வண்டியிலயே ஏறிடு" என்றார்.

"எங்கயும் நிறுத்தாம போக முடியாதா?"

"நிறுத்தாம போனா என் வேலை போயிடும். நிறுத்தினா உன் உயிர் போயிடும் போலிருக்கே."

காலையில் எல்லா நிறுத்தத்திலும் வண்டி நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளவம்மா எழுந்து நின்றார், உட்கார்ந்தார். ஏழு ஐம்பதுக்கு அந்தத் தெருவில் இறங்கி ஓடியபோது லாரி முன்பே வந்திருந்தது. தையல் மெஷின் நடுத்தெருவில் நின்றது. மாடி முகப்பின் கைப்பிடியில் இருவர் கடப்பாரையை ஊன்றியிருந்தார்கள்.

"நிறுத்துங்க!" அந்தக் குரல் தம்முடையதா என்று அவருக்கே ஐயம்.

மேஸ்திரி தாளை வாங்கி எழுத்துக் கூட்டினார். "புடைப்பு இல்ல, துருத்தல்னு போட்டிருக்கு. எதுவா இருந்தா என்னம்மா? வெளிய வந்தது வெளிய வந்ததுதானே? லாரி வந்தாச்சு, ஆளு வந்தாச்சு."

அளவம்மா நேரே மாடியேறினார். முகப்பை ஒட்டிய சுவரின் உச்சியிலிருந்து ஒரு கட்டையை நீட்டி நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, இறங்கி வந்தார். நூல் ஆடியது. ஒரு கையால் குண்டை நிறுத்தி, மறுகையால் நூலுக்கும் சுவருக்கும் நடுவே விரல் வைத்து அளந்தார்.

"இங்க பாருங்க மேஸ்திரி. மேலயும் ரெண்டு விரல் விட்டுத்தான் தொங்கவிட்டேன். நடுவுல ரெண்டு விரல். கீழ ரெண்டு விரல். புடைச்ச சுவரா இருந்தா நடுவுல நூலைத் தொடும். புடைக்கிறதுன்னா உள்ள நோவு இருக்குன்னு அர்த்தம். அதை இடிக்கத்தான் வேணும். துருத்துறதுக்கு உள்ள ஒரு நோவும் கிடையாது. முன்னால வந்து நிக்கும், அவ்வளவுதான்."

மேஸ்திரி ஒப்பாமல் தலையைச் சொறிந்தார். அளவம்மாவின் இரு கைகளும் நூலிலும் குண்டிலும் இருந்தன. வாயைப் பொத்த மூன்றாவது கை இல்லை.

"இதோ, என் பல்லு மாதிரி" என்றார். "துருத்திக்கிட்டு நிக்குது. ஆனா ஆட்டம் கிடையாது."

தெருவே அந்தப் பற்களைப் பார்த்தது. மேஸ்திரியும் பார்த்தார். "நல்லா கடிக்குமா?"

"ஆளைப் பொறுத்து."

லாரிமேல் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேஸ்திரிக்கும் வாய் விரிந்தது. அவரே விரலை விட்டு மேல், நடு, கீழ் மூன்றிடமும் பார்த்தார். பிறகு அண்ணாந்து கத்தினார்: "டேய், கடப்பாரையை இறக்குங்கடா! இது வெட்டுற வேலை, இடிக்கிற வேலை இல்ல!"

சைக்கிள்காரர் அருகே வந்து அளவம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "அந்த அம்மா நீங்கதானா?"

"நான்தான். தப்பா எழுதினதும் நான்தான். நேத்து பஞ்சர் ஒட்டினப்ப சொல்லாம ஓடினதும் நான்தான்."

அவர் மனைவி தெரு நடுவே நின்றபடியே கேட்டார்: "ஏழு நாள். ஒழுங்காத் தூங்கி ஏழு நாள் ஆச்சு. ஒரு சொல்லுக்காகவா?"

"ஆமாம்மா. ஒரு சொல்லுக்காகத்தான்."

அந்தப் பெண் தையல் மெஷின் பக்கம் திரும்பினார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. "மெஷினை மேல ஏத்தணும்" என்றார். "அந்தப் பக்கம் பிடிங்க."

அளவம்மா பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடித்தார். படித்திருப்பத்தில் மெஷின் சிக்கியது; "இப்படிச் சாய்ங்க", "அப்படி இல்ல, உங்க பக்கம்" என்று இருவரும் மூச்சிரைக்கச் சத்தமிட்டார்கள். அளவம்மாவின் இரு கைகளும் மெஷினுக்கடியில் இருந்தன. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கீழே கடைவரை கேட்டது. மெஷினை அதன் பழைய சன்னலோரத்தில் இறக்கிவிட்டு வந்து, கதவிலிருந்த சிவப்புத் தாளைக் கிழித்தார். புதிய தாளை ஒட்டி, அளவுக் கட்டத்தைத் தம் கையால் நிரப்பினார். துருத்தல்: ஒன்றேகால் அடி. முப்பது நாள்.

கோடு தவறாமல் அளந்து, தவறிய ஒரு நாளில் அதைத் தன் வாயால் உரைத்த அந்த நல்லாளின் மனை நெடிது வாழ்க. அவர் கொழுநர் ஓட்டும் வண்டி எல்லா நிறுத்தத்திலும் நின்று, நலமே வீடு சேர்க. அவ்வீட்டில் எந்த வாயையும் எந்தக் கையும் மூடாதிருக்க. ஆற்றிடைத் துருத்தியை வெள்ளம் சூழ்ந்தும் மூழ்கடிக்காததுபோல், துன்பம் அந்த மனையைச் சூழ்ந்தாலும் மூழ்கடிக்காதிருக்க. அளவுக்கு அடங்காத இறையருள் அவ்வீட்டின் கூரையையும் கோட்டையும் கடந்து, காண்பார் எல்லாரும் காண, துருத்தி நிற்க.